வந்த மீனும் விட்ட மீனும்: கண்மாய் மீன்பிடிப்பின் வரலாறு

தமிழகத்து மீன்பிடித் தொழிலின் வரலாறு என்றதும் நம் நினைவு கடற்கரையை நோக்கியே செல்கிறது. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பும் சங்குக் குளிப்பும், காயல்பட்டினம், கீழக்கரை மரக்காயர்களின் கடல் வணிகமும், பரதவர்களின் ஏழு துறைகளும் பலரால் ஆராயப்பட்டுள்ளன. உள்நாட்டு நீர்நிலைகளில் நடந்த மீன்பிடிப்போ வரலாற்றாசிரியர்களின் கவனத்தை அந்த அளவிற்குப் பெறவில்லை. அந்த ஏழு துறைகளுள் ஒன்று வைப்பாறு கடலோடு கலக்குமிடத்தில் உள்ள வைப்பார். அத்துறையிலிருந்து ஆற்றை எதிர்த்து மேற்கே சென்றால், சாத்தூருக்கு அருகே, வைப்பாறும் அருச்சுனா நதியும் கூடும் இடத்தில் இருக்கன்குடியை அடைகிறோம். மாரியம்மன் கோவிலால் பெயர்பெற்ற அவ்வூரில் இன்று ஒரு நீர்த்தேக்கமும் உள்ளது.

மீனைப் பற்றிப் பேசத் தகுந்த நிலமாக இது முதற்பார்வைக்குத் தோன்றாது. கரிசல் பூமி, மழை குறைவு. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கும் வைப்பாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். வடகிழக்குப் பருவமழை கனிந்தால் சில வாரங்கள் வெள்ளம் போகும். அந்தச் சில வார வெள்ளத்தைப் பிடித்து வைப்பதற்காகவே முன்னோர் ஊர்தோறும் கண்மாய்களை அமைத்தனர். ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்கு நீர் சேரும். நீர் சேரும் இடமெல்லாம் மீனும் சேர்ந்தது. மீன் சேர்ந்த இடத்தில் ‘இந்த மீன் யாருடையது?’ என்ற கேள்வியும் பிறந்தது. அக்கேள்விக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளை இக்கட்டுரையில் நாம் தொடர விழைகிறோம். வெறும் பழங்கதையாக இதை நாம் கருதவில்லை. அவ்விடைகள் மாறியபோதெல்லாம் கண்மாயின் நிலையும் மாறியிருக்கிறது என்பதே இதனை ஆராயத் தூண்டுகிறது.

பாசிப்பாட்டம்

பழைய கண்மாயில் மீனை எவரும் கொண்டுவந்து விடவில்லை. கெண்டை, கெளுத்தி, ஆரால், அயிரை, விரால், குரவை என அனைத்தும் தாமாக வந்தவை. புதுவெள்ளம் வரத்துக்கால்வாயில் பாயும்போது கெண்டைகள் நீரை எதிர்த்து ஏறி முட்டையிடும். காற்றைச் சுவாசிக்க வல்ல விராலும் குரவையும் நீர் வற்றிய பின்னும் ஈரச் சேற்றுக்குள் பல நாள் உயிர்தரித்திருக்கும். ஆற்றுக்கும் கண்மாய்க்கும், கண்மாய்க்கும் கண்மாய்க்கும் இடையே இருந்த நீர்த்தொடர்பே மீன் வளத்தின் அடிப்படை. கால்வாய் தூர்ந்தால் பாசனம் கெடுவதோடு மீன்வரத்தும் நின்றுபோகும். ஆகவே மீனின் நலமும் கண்மாயின் நலமும் ஒன்றையொன்று சார்ந்தே நின்றன.

இந்த உண்மையை நம் முன்னோர் நிர்வாக ஏற்பாடாகவே மாற்றியிருந்தனர். சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் ‘பாசிப்பாட்டம்’ என்ற சொல் வருகிறது. ஏரி, குளங்களில் மீன் பிடிக்கும் உரிமைக்காகச் செலுத்தப்பட்ட பாட்டம் அது. அவ்வருமானத்தை அந்த ஏரியையே தூர்வாரவும் கரை கட்டவும் செலவிட்ட செய்திகள் கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று எனக் கூறுகின்றன. ஏரிப் பராமரிப்பிற்கென ‘ஏரிப்பட்டி’ என்ற பெயரில் நிலம் ஒதுக்கப்பட்டதும் உண்டு. நீர்நிலை ஈட்டிய பொருள் நீர்நிலைக்கே திரும்ப வேண்டும் என்பதே இவ்வேற்பாடுகளின் உட்கருத்து.

பாட்டத்திற்கு அப்பால் ஊராரின் பொது உரிமையும் இருந்தது. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை வட்டாரங்களில் கோடையில் கண்மாய் வற்றும் தறுவாயில் இன்றும் மீன்பிடித் திருவிழாக்கள் நடைபெறுகின்றன. கண்மாயை ‘அழித்தல்’ என்று அதனைக் குறிப்பர். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துணியை வீசி அனுமதி அளித்த பின்னரே மக்கள் நீரில் இறங்குவர். சாதி, ஊர் வேறுபாடின்றி ஊத்தா, கச்சா, வலை ஆகியவற்றால் அகப்பட்டதை எடுத்துச் செல்வர். பிடித்த மீனை விற்காமல் சமைத்து உண்பதும் உறவினர்க்குக் கொடுப்பதும் பல ஊர்களில் மரபு. அனுமதி கிடைக்கும்வரை எவரும் வலை வீசாதிருப்பதே இத்திருவிழாவின் ஒழுங்கு. மீன் வளர்வதற்கான காலத்தை ஊர் சேர்ந்து காத்தது என்பதே அதன் பொருள்.

நீரில் உள்ள மீனை விற்கலாமா?

மீனின் உரிமை பற்றிய இதே கேள்வியை இஸ்லாமியச் சட்டவியலாளரும் மிகத் தொடக்க காலத்திலேயே எதிர்கொண்டனர். யூப்ரடீஸ், டைகிரீஸ் ஆறுகளின் வெள்ளம் தேங்கிய நாணற்காடுகள் மீன் வளம் மிக்கவை. கலீஃபா ஹாரூன் அர்ரஷீதுக்காக இமாம் அபூ யூசுஃப் (மறைவு ஹிஜ்ரி 182, கி.பி. 798) இயற்றிய ‘கிதாபுல் கராஜ்’ என்னும் நிதியியல் நூல் இப்பொருளைத் தனியாகவே ஆராய்கிறது. நீருக்குள் இருக்கும் மீனை விற்பது நிச்சயமற்றதை விற்பதாகும், அதாவது ‘கரர்’ ஆகும் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வழியாக வரும் தடையை அவர் எடுத்துக்காட்டுகிறார். அதே இடத்தில், புர்ஸ் என்னுமிடத்து நாணல் நீர்நிலைக்கு அலீ (ரலி) அவர்கள் 4000 திர்ஹம் விதித்துத் தோல் துண்டில் ஆவணம் எழுதிக் கொடுத்த செய்தியையும் பதிவு செய்கிறார். வேட்டையாடாமல் கையால் எடுக்கக்கூடிய நிலையில் அடைபட்ட மீனை விற்கலாம், வேட்டையாடித்தான் பிடிக்க முடியும் எனில் விற்கலாகாது என்பது அவர் வகுத்த வேறுபாடு. ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்களும் சிறு குளத்தில் எளிதில் எடுக்கத்தக்க மீனையும், பெருங்குளத்தில் உழைத்துப் பிடிக்க வேண்டிய மீனையும் பிரித்தே நோக்கினர்.

ஹனஃபி சட்டவியலாளர் மேலும் ஒரு நுட்பத்தைச் சேர்த்தனர். மீன் பிடிப்பதற்கென்றே ஒருவர் குளம் வெட்டினால் அதில் வந்து சேரும் மீன் அவருக்கு உரியது. வேறு நோக்கத்திற்காக அமைந்த நீர்நிலையில் மீன் தானாக வந்தால், வழியை அடைத்து அதைத் தடுத்து வைத்தாலன்றி, அது நீர்நிலை உடையவரின் சொத்தாகாது, பிடிப்பவருக்கே உரியது. நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்ற நபிமொழியின் ஒளியில் இவ்விதியை நோக்கினால் அதன் பொருள் தெளிவாகும். பாசனத்திற்காக அமைந்த நம் கண்மாய்க்கு இவ்வளவுகோல் வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. தானாக வந்த மீனுக்கும் ஒருவர் விட்ட மீனுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அச்சட்டவியலாளர் கண்டுகொண்டனர். நம் நாட்டில் அவ்வேறுபாடு பெரும் பிரச்சினையானது 20ஆம் நூற்றாண்டில்தான்.

வருமானமும் கடமையும் பிரிந்த கதை

1801இல் கர்நாடகத்தின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. 1803இல் தென்பாண்டிப் பாளையங்கள் நிரந்தரத் தீர்வையின் கீழ் ஜமீன்களாயின. மீன்பாசி வருமானம் ஜமீனின் கணக்கிலோ அரசின் கணக்கிலோ சேர்ந்தது. அக்கணக்கிலிருந்து கண்மாய்க்குப் பணம் திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் மறைந்தது. அதே வேளையில் பராமரிப்புக் கடமை மட்டும் ஊர் மக்களின் தலையில் தங்கியது. குடிமராமத்து தளர்ந்துவிட்டதென உணர்ந்த சென்னை அரசு 1858இல் கட்டாய உழைப்புச் சட்டத்தை இயற்றி அவ்வழக்கத்தைச் சட்டத்தின் வலிமையால் நிறுத்த முயன்றது. பயன் ஒருவருக்கும் பாரம் வேறொருவருக்கும் என்றாகிவிட்ட ஏற்பாட்டைத் தண்டனையால் நிலைநிறுத்த முடியவில்லை.

மீன் வளம் குன்றுவதை ஆங்கில அரசு அறியாமல் இல்லை. சென்னைப் படையின் மருத்துவராக இருந்து மீனியல் அறிஞராக உயர்ந்த ஃபிரான்சிஸ் டே, இந்தியா, பர்மாவின் நன்னீர் மீன்கள் குறித்த தம் அறிக்கையை 1873இல் வெளியிட்டார். குஞ்சு மீன்களை வாரி எடுப்பதும், கால்வாய்களின் குறுக்கே நிலையான பொறிகள் வைப்பதும், நீரில் நஞ்சு கலப்பதும் மீன் இனத்தையே அழிப்பதாக அவர் எச்சரித்தார். ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழித்து 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடிபொருளால் மீன் கொல்வதையும் நீரில் நஞ்சிடுவதையும் அது குற்றமாக்கியது. நீருக்குள் வெடிக்கும் மருந்தின் அதிர்ச்சி மீனின் காற்றுப்பையைக் கிழித்துவிடும். பெரிது, சிறிது என்ற வேறுபாடின்றி அனைத்தும் மடியும். மிதப்பவற்றைத் தவிர எஞ்சியவை அடியில் கிடந்து அழுகும். 1923இல் தீப்பெட்டித் தொழில் தொடங்கி, பின்னர் பட்டாசும் வேரூன்றிய சிவகாசி வட்டாரத்திற்கு அச்சட்டத்தின் இவ்விலக்கு தனிப்பொருள் உடையது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஓய்வுபெற்ற குடிமைப்பணி அதிகாரி சர் ஃபிரடெரிக் நிக்கல்சனின் முயற்சியால் 1907இல் சென்னை மீன்வள அலுவலகம் உருவாயிற்று. நாட்டில் கூட்டுறவு இயக்கத்திற்கு வித்திட்ட வேளாண் வங்கிகள் பற்றிய அறிக்கையை 1890களில் அளித்தவரும் அவரே. கடன், சேமிப்பு, சந்தை ஆகியவற்றில் மீனவர் சுயமாக நிற்காவிடில் மீன்வளம் அவர்களுக்கு உதவாது என்ற நோக்கு அவரிடம் இருந்தது. 1911இல் கர்நூல் அருகே சுங்கேசுலாவில் மாகாணத்தின் முதல் மீன் பண்ணை தொடங்கப்பட்டது. நீர்நிலைக்கு மீன் வெளியிலிருந்து கொண்டுவரப்படும் காலம் அங்கே தொடங்கியது எனலாம்.

விட்ட மீன்

வடஇந்திய ஆறுகளின் கட்லாவும் ரோகுவும் மிர்காலும் விரைந்து வளர்பவை. எனினும் தேங்கிய நீரில் அவை இனப்பெருக்கம் செய்வதில்லை. மழைக்கால ஆற்று வெள்ளத்திலிருந்துதான் அவற்றின் குஞ்சுகளைச் சேகரிக்க வேண்டியிருந்தது. இத்தடையை நீக்கியவர்கள் ஹிராலால் சௌதுரியும் கேரளத்தைச் சேர்ந்த மீன்வள விஞ்ஞானி கே. எச். அலிக்குஞ்ஞியும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில், மீனின் மூளைக்கடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசிவழிச் செலுத்தி, கெண்டை இன மீனைக் குளத்து நீரிலேயே முட்டையிடச் செய்தனர். அந்நாளையே இந்தியா தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறது. குஞ்சு உற்பத்தி மனிதன் கைக்கு வந்த பின்னர் கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுவிலும், மிர்கால் அடியிலும் இரைதேட, அவற்றோடு புல்கெண்டை, வெள்ளிக்கெண்டை, சாதாக்கெண்டை ஆகியவற்றையும் ஒரே நீரில் வளர்க்கும் கூட்டு மீன்வளர்ப்பு முறை பரவியது. மக்களின் புரதத் தேவையை நிறைவுசெய்ததில் இதன் பங்கு மறுக்க இயலாதது.

ஆயினும் வந்தவை அனைத்தும் நன்மையாகவே முடியவில்லை. 1952இல் இலங்கையிலிருந்து மண்டபத்திற்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கத் திலேப்பியா, நம் மக்கள் வழக்கில் ‘ஜிலேபிக் கெண்டை’யாயிற்று. தாய்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயிலேயே வைத்துக் காக்கும். சில மாத வயதிலேயே பெருகத் தொடங்கும். நாட்டு மீன்களின் இடத்தை அது பல நீர்நிலைகளில் பிடித்துக்கொண்டது. வளர்க்கத் தடையுள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தியோ காற்றைச் சுவாசித்து எந்நீரிலும் வாழும் கொன்றுண்ணி. கண்மாயில் தப்பிய மீன் மறுகால் வழியாக அடுத்த கண்மாய்க்கும் அங்கிருந்து ஆற்றுக்கும் செல்லும். ஒருவர் தம் குத்தகை நீரில் விடும் மீன் அவருடைய எல்லைக்குள் நிற்பதில்லை.

ஏலமும் மடையும்

1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்திற்குப் பின் கண்மாய்கள் அரசின் கைக்கு வந்தன. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உடையவை பொதுப்பணித்துறைக்கும், குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் பிரிக்கப்பட்டன. மீன் பிடிக்கும் உரிமை ‘மீன்பாசி குத்தகை’ என்ற பெயரில் ஏலத்திற்கு வந்தது. பாசிப்பாட்டம் என்ற கல்வெட்டுச் சொல்லின் பாதி ஆயிரம் ஆண்டு கடந்தும் அரசு அறிவிப்பில் வாழ்வதைக் காண்கிறோம். சொல் பிழைத்தது, அச்சொல்லோடு பிணைந்திருந்த தூர்வாரும் கடமை பிழைக்கவில்லை. குத்தகைத் தொகை பொது நிதியில் கலந்துவிட்டால் அந்தக் கண்மாய் தான் ஈட்டியதைக் கேட்டுப் பெற வழியில்லை.

விட்ட மீன் இங்கே ஒரு புதிய உரிமைக் கோரிக்கையைக் கொண்டுவந்தது. குஞ்சு வாங்கிப் பணம் போட்டவர், ‘மீன் என்னுடையது’ என்கிறார். அது நியாயமே. அதனால் நீரும் தம்முடையது என்று அவர் நடந்துகொள்ளும்போதுதான் வழக்கு பிறக்கிறது. மீன் வளரும்வரை மடையைத் திறக்க விடாமல் நீரைத் தேக்க விரும்புவதும், அறுவடைக்காக நீரை விரைந்து வடிக்க விரும்புவதும் குத்தகைதாரர் நலன். பயிர் பால்பிடிக்கும் தருணத்தில் நீர் கேட்பது உழவர் நலன். மீன் விரைந்து கொழுக்க வேண்டுமெனக் கோழிக்கழிவைக் கொட்டுவது குத்தகைக்காரருக்கு லாபம். அதே நீரைக் குடிக்கும் கால்நடைக்கும் குளிக்கும் மக்களுக்கும் கேடு. வலையின் கண் சிறிதானால் நாட்டுக் குஞ்சு மீன்களும் ஒரேயடியாக வாரப்படும். கோடையில் ஊத்தாவோடு இறங்கும் ஏழையின் பங்கு அத்துடன் முடிந்துவிடுகிறது.

மேல்நாட்டு நகரின் கழிவும் இதே நீரில்தான் சேர்கிறது. விருதுநகரின் கழிவுநீர் கௌசிகா நதியில் கலந்து குல்லூர்சந்தை நீர்த்தேக்கத்தைக் கெடுத்தது வைப்பாற்றுப் படுகையில் பல்லாண்டுகளாகப் பேசப்பட்டுவரும் துயரம். அழுகும் கழிவு நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிட்டால் மீன்கள் கூட்டமாக மடியும். குஞ்சு விடுவதற்குத் திட்டம் தீட்டும் நாம், அக்குஞ்சு சுவாசிக்கும் நீரைக் காப்பதற்குத் தீட்டும் திட்டம் எவ்வளவு?

அண்டை நாடுகளின் பாடம்

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. வங்கதேசத்தில் ‘ஜல்மஹால்’ எனப்படும் மீன்பிடி நீர்நிலைகள் 1793ஆம் ஆண்டு நிரந்தரத் தீர்வையால் ஜமீன்தார்களின் சொத்தாயின. 1950ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் அரசுடைமையாகி ஏலம் விடப்பட்டன. ஏலத்தில் வென்றவர் பணம் படைத்த இடைத்தரகர். நீரில் நின்றவர் கூலியாளான மீனவர். வலை யாருடையதோ நீரும் அவருடையதே என்ற முழக்கத்தோடு 1986இல் உண்மையான மீனவர்க்கே உரிமம் வழங்கும் புதிய கொள்கை வந்தது. எனினும் கடன் கொடுப்பவரின் பிடி தளராத இடங்களில் உரிமம் மீனவர் பெயரிலும் ஆதாயம் முதலாளி வீட்டிலும் இருந்தன. சட்டத்தில் பெயர் மாறினால் போதாது, முதலும் சந்தையும் மீனவர் கைக்கு வர வேண்டும் என்ற நிக்கல்சனின் பழைய கருத்தே மெய்யானது.

இலங்கையின் அனுபவம் வேறு வகையானது. பழங்கால ஏரிகள் நிறைந்த அந்நாட்டில் 1990இல் அரசு உள்நாட்டு மீன்வளத்திற்கான ஆதரவை முற்றாக விலக்கிக்கொண்டது. 1994இல்தான் மீண்டும் அளித்தது. அந்த இடைக்காலத்தில் கண்காணிப்பு இல்லாத ஏரிகளில் சிறுகண் வலைகள் பெருகி வளம் சரிந்தது. ஏலதாரரிடம் முழுவதும் ஒப்படைத்தாலும், யாரும் பொறுப்பேற்காமல் விட்டாலும் முடிவு ஒன்றே என்பதை இவ்விரு நாடுகளும் காட்டுகின்றன.

இனி செய்யத்தக்கது

மீன் வளர்ப்பை நாம் எதிர்க்கவில்லை. மழைமறைவு மாவட்டத்தின் ஏழை உழவனுக்கும் மீனவனுக்கும் நீர் இருக்கும் சில மாதங்களில் ஒரு வருமானம் கிடைப்பது நன்றே. விட்டவருக்கு விட்ட மீன் உரியது என்பதை ஏற்கிறோம். அவர் விட்ட மீன் மட்டுமே அவருக்கு உரியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வந்த மீனும், மீனைக் கொண்டுவந்த நீரும், நீரைத் தாங்கும் கரையும் ஊருக்கு உரியவை.

இதிலிருந்து சில நடைமுறைகள் தாமாகப் பிறக்கின்றன. குத்தகைத் தொகையில் ஒரு பங்கு அந்தக் கண்மாயின் தூர்வாரலுக்கே செல்ல வேண்டும். மடையைத் திறப்பதும் அடைப்பதும் பாசனதாரர் கையில் இருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டப்படி அமைந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அதற்கு ஏற்ற அமைப்பாகலாம். வலைக்கண்ணின் அளவும் விடத்தகாத மீன் இனங்களும் குத்தகை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். கோடையின் கடைசி நீர் ஊராரின் ஊத்தாவிற்கு விடப்பட வேண்டும். 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரை மீட்டெடுத்தது. அப்பெயரோடு பாசிப்பாட்டத்தின் பழைய நியதியும் மீண்டிருந்தால் பணி முழுமை பெற்றிருக்கும்.

பொதுச் சொத்திலிருந்து பயன் பெறுபவர் அச்சொத்தைக் காக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பது உத்திரமேரூர் சபையாருக்கும் தெரிந்திருந்தது. பக்தாதின் தலைமை நீதிபதிக்கும் தெரிந்திருந்தது. இருக்கன்குடி போன்ற நீர்த்தேக்கங்களிலும் அவற்றைச் சூழ்ந்த கண்மாய்களிலும் நாளை எத்தனை டன் மீன் கிடைக்கும் என்று கணக்கிடும்போது, அதே கணக்கேட்டின் எதிர்ப்பக்கத்தில் அந்த நீருக்கு நாம் என்ன திருப்பிக் கொடுத்தோம் என்பதையும் எழுதும் வழக்கம் மீண்டும் வர வேண்டும்.